மதுரைச் சாம்பாரிடம் ஒரு மன்னிப்பு

பத்து வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் நான் எழுதியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். தமிழ்நாட்டுப் பயணத்தின் நடுவில், மதுரையில் ஒரு தங்கும் விடுதி அறையில் உட்கார்ந்து, ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதி அனுப்பிய கட்டுரை அது. ‘ஊரில் ருசி செத்துப் போச்சு’ என்பதுதான் அதன் சாரம். சாம்பாரில் உப்பில்லை, காப்பியில் மணமில்லை, செட்டிநாட்டுக் குழம்பு வெந்நீர் மாதிரி இருக்கிறது, மசாலாவில் கலப்படம், சமைக்கிறவர்களுக்கு அக்கறையில்லை என்றெல்லாம் அடுக்கியிருந்தேன்.

இத்தனை ஆண்டுகளில் நான் எழுதிய எதற்கும் அவ்வளவு பாராட்டு வந்ததில்லை. கடைக்கு வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “சரியாச் சொன்னீங்கண்ணே, இப்பல்லாம் எங்க போனாலும் அப்படித்தான்” என்றார்கள். வாட்ஸ்அப்பில் கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன. ஒன்றை மட்டும் நான் அப்போது கவனிக்கவில்லை. பாராட்டியவர்களில் அறுபது வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை.

இன்று அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதில் ஊர்ப் பெயர்களும் இட்லியின் விலையும் மட்டும்தான் சரி. மற்றதெல்லாம் தப்பு. எப்படித் தப்பு என்று தெரிந்துகொண்ட கதையைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பல வாரங்கள் பார்த்தேன். தோசைக்கல்லைப் பற்றியும் வாழையிலை விலையைப் பற்றியும் எழுதிக் காலத்தை ஓட்டினேன். இனி முடியாது.

கிள்ளானில் 43 ஆண்டுகளாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். வயது 68. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். என் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இந்த நாட்டுக்கு வந்தபோது ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கிடந்தாராம். நாம் இங்கே காலையில் பசியாறிவிட்டு, மதியத்துக்கு அங்கே இலை போட்டு உட்கார்ந்துவிடுகிறோம். என் மனைவி கோயில்களுக்காகப் போவார். நான் அடுப்படிகளுக்காகப் போவேன். எந்த ஊரில் இறங்கினாலும் சாப்பிட்டு முடித்துவிட்டு, “நானும் கடைக்காரன்தான்” என்று சொல்லி உள்ளே எட்டிப் பார்ப்பது என் பழக்கம்.

இந்த முறை முதல் நாளே தகராறு. காரைக்குடியில் கோழிக் குழம்பு ஊற்றினார்கள். நிறம் இருந்தது, காரம் இருந்தது, செட்டிநாட்டு மணம் இல்லை. “கல்பாசி போடுறதில்லையா?” என்று கேட்டேன். சமையல்காரர் உள்ளே போய் டப்பாவையே எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாம் இருந்தன. மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். ‘பழைய சரக்கு’ என்று முடிவு கட்டினேன்.

மதுரையில் இன்னும் மோசம். இட்லிக்கு ஊற்றிய சாம்பார் சப்பென்று இருந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பரிமாறிய பையனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் தூள் உப்பு கொண்டு வந்து வைத்தான். சுற்றியிருந்த மேசைகளில் எல்லாரும் அதே சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ‘ருசி தெரியாத ஜனம்’ என்று நினைத்துக்கொண்டேன். அன்றிரவுதான் அந்தக் கட்டுரையை எழுதினேன்.

கும்பகோணத்தில் பித்தளை டபராவில் டிகிரி காப்பி வந்தது. நுரையை மூக்குவரை கொண்டு போனேன். சூடு தெரிந்தது, மணம் வரவில்லை. “சிக்கரியைக் கொட்டி ஏமாத்துறானுங்க” என்றேன். என் மனைவி தன் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை திருநாகேஸ்வரம் போனோம். கும்பகோணத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர். அங்குள்ள ஒப்பிலியப்பன் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மார்க்கண்டேய முனிவரின் மகளாக வளர்ந்த பூமிதேவியைப் பெருமாள் பெண் கேட்டு வந்தாராம். “சின்னப் பெண், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாதே” என்று முனிவர் தயங்க, “உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன்” என்றாராம் பெருமாள். அதனால் இன்றைக்கும் அங்கே நைவேத்தியத்தில் உப்பு சேர்ப்பதில்லை. ஒப்பிலியப்பனை மக்கள் உப்பிலியப்பன் என்றே சொல்கிறார்கள்.

தரிசனம் முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு பிரகாரத்தில் உட்கார்ந்தோம். புளியோதரை. பசி வேறு. நல்லெண்ணெய் பளபளக்க, வறுத்த கடலைப்பருப்பு அங்கங்கே கடிபட, இலையை வழித்துச் சாப்பிட்டேன். “இந்தப் பயணத்துல இதுதான் உருப்படியான சாப்பாடு” என்றேன்.

என் மனைவி மெதுவாகக் கேட்டார்: “என்னங்க, நாலு நாளா எல்லாக் கடையிலயும் உப்பில்ல உப்பில்லன்னு சொன்னீங்க. இங்கதான் நெசமாவே உப்பு கெடையாது. ஒண்ணும் சொல்லலையே?”

“கோயில் பிரசாதத்துல வந்து யாராச்சும் குறை சொல்வாங்களா?” என்று சமாளித்தேன். ஆனால் அடிவயிற்றில் ஏதோ இறங்கியது. அதில் உப்பில்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை. மதுரைச் சாம்பாருக்கும் உப்பே சேராத இந்தப் புளியோதரைக்கும் என் நாக்கில் பெரிய வித்தியாசம் இல்லை.

அன்றிரவு விடுதியில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பரீட்சை வைத்தோம். நான்கு டம்ளரில் தண்ணீர். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்ற மூன்றில் மனைவி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உப்பைக் கரைத்தார். நான் திரும்பி நின்றேன். அவர் கொடுத்த வரிசையில் குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கடைசி டம்ளர் ஒன்றைத்தான் உப்பு என்று சொன்னேன். முதல் மூன்றும் எனக்குத் தண்ணீர். என் மனைவிக்கு இரண்டாவதிலேயே தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுரைக் கட்டுரை அச்சாகி வந்தது. ஆசிரியருக்கு ஒரு போன் போட்டு நிறுத்தச் சொல்ல நேரம் இருந்தது. நான் போடவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

ஊர் திரும்பியதும் காது, மூக்கு, தொண்டை நிபுணரைப் பார்த்தேன். பேனா மாதிரி 12 குச்சிகளை ஒவ்வொன்றாக மூக்கருகில் நீட்டினார். ஒவ்வொன்றுக்கும் நான்கு பெயர்கள் சொல்லி, எது என்று கேட்டார். ஐந்துதான் சரியாகச் சொன்னேன். தவறவிட்டவற்றில் கிராம்பு ஒன்று, கோப்பி ஒன்று. கிள்ளானில் 43 ஆண்டு கோப்பி கலக்கியவனுக்குக் கோப்பி வாசனை தெரியவில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலவே. காரம்கூட உண்மையில் ஓர் எரிச்சல்தான். சீரகம் என்றும் பெருங்காயம் என்றும் கல்பாசி என்றும் நாம் பிரித்து அறிவதெல்லாம் மூக்கின் வேலை. வாயில் மெல்லும்போது மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சாம்பார் குடித்துப் பாருங்கள், புரியும். அறுபதைத் தாண்டினால் முகரும் சக்தி குறைவது சாதாரணம். கோவிட் வந்துபோனவர்களில் சிலருக்கும் அது முழுதாகத் திரும்புவதில்லை. இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் சுவையை மாற்றும். எனக்கு வயதும் இருக்கிறது, கோவிட்டும் வந்தது, மாத்திரையும் சாப்பிடுகிறேன். மூன்றில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். “அதுக்காக மாத்திரையை நீங்களே நிறுத்திடாதீங்க” என்று இரண்டு முறை சொன்னார்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. பார்வை மங்கினால் நமக்கே தெரியும், எழுத்து கலங்கும். முகர்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது தெரியாது. உணவில் ஏதோ குறைகிறது என்றுதான் தோன்றும். அந்தக் குறையை நிரப்ப உப்பு, சீனி, மிளகாய் என்று கை நீளும். “வீட்ல சமைக்கிறவங்களா இருந்தா ஒரு குடும்பம் பாதிக்கும். உங்க கடையில ஒரு நாளைக்கு எத்தன பேர் சாப்பிடுறாங்க?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு எங்கள் மாஸ்டரின் முகம் ஞாபகம் வந்தது.

எங்கள் சமையல் மாஸ்டர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஒன்பது ஆண்டுகளாக என் கடையில் இருக்கிறார். சேவைத் துறையில் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஆண்டு லெவி 1,850 வெள்ளி. அதற்கு மேல் மருத்துவப் பரிசோதனை, காப்புறுதி, மற்ற செலவுகள். ஒவ்வோர் ஆண்டும் பெர்மிட் புதுப்பிக்கும் நேரத்தில், இவரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று எந்த முதலாளியும் கொஞ்சம் யோசிப்பார். இந்த முறை நான் யோசித்து முடித்திருந்தேன். கைமணம் போய்விட்டது, இனி இவர் வேண்டாம் என்று, ஊருக்குக் கிளம்பும் முன்பே ஏஜெண்டிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

பல மாதங்களாகக் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் அடுப்படியில் நடந்தது இதுதான். மாஸ்டர் சாம்பாரைக் கொதிக்கவிட்டுக் கூப்பிடுவார். நான் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பேன். “உப்புப் பத்தல, போடு” என்பேன். போடுவார். மறுபடி பார்ப்பேன். “இன்னும் போடு.” சில நாள் ரொட்டி போடுகிற பையன்கள், பாத்திரம் கழுவுகிற அம்மா எல்லார் முன்னாலும், “கை விளங்காமப் போச்சா? ஒம்பது வருசமா என்னாத்தக் கத்துக்கிட்ட?” என்று கேட்டிருக்கிறேன்.

டாக்டரைப் பார்த்த அன்று மாலை கடை ஓய்ந்த நேரத்தில் மாஸ்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதலாளி உட்காரச் சொன்னால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“மாஸ்டர், கெட்டுப் போனது உங்க கை இல்ல. என் நாக்கு” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “தெரியும் மொதலாளி.”

“எப்பலேர்ந்து?”

“போன வருசம் தைப்பூசத்துலேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா ஊருக்கு அனுப்பிருவீங்கன்னுதான்.”

சொல்லாவிட்டாலும் அனுப்பத்தான் இருந்தேன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஏஜெண்டு மூலம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பிறகு அவரே மெல்ல விவரம் சொன்னார். நான் “போடு” என்று சொல்லிவிட்டுத் திரும்பும் நாளில், உப்புச் சட்டியில் கையை விட்டு வெறுங்கையை எடுத்துப் பானைக்கு மேல் உதறுவாராம். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் நாளில் வேறு வழியில்லாமல் போட்டிருக்கிறார். “நீங்க நின்ன நாள்தான் அதிகம் மொதலாளி” என்றார்.

மறுநாளே ஒரு எடைக்கருவி வாங்கினேன். மூன்று நாள், 20 லிட்டர் சாம்பார்ப் பானைக்கு மாஸ்டர் தன் கைக்குச் சரி என்று பட்ட உப்பை எடுத்து வைத்தார். பானையில் போடும் முன் நிறுத்தோம். 178 கிராம், 184 கிராம், 181 கிராம். அளவில்லாமல் கையால் அள்ளியவர் மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே எடைக்கு வந்து நின்றார். லிட்டருக்கு 9 கிராம். மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்றுகிறார்களே உப்புநீர்ப் பை, அதிலும் லிட்டருக்கு 9 கிராம்தான். டாக்டரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்.

நான்காவது நாள் ஒரு சின்னப் பானையில் எனக்காகத் தனியாகச் சாம்பார் வைத்து, என் நாக்கு ‘போதும்’ என்று சொல்லும்வரை உப்பைக் கூட்டச் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், அது 20 லிட்டருக்கு 310 கிராம். மாஸ்டரும் ரொட்டிப் பையனும் ஒரு சொட்டு வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள்.

இந்தக் கணக்கை நீங்களும் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது. ஒரு தேக்கரண்டி அளவு. மாஸ்டர் அளவில் 150 மில்லி கொள்ளும் ஒரு கிண்ணச் சாம்பாரில் 1.35 கிராம் உப்பு. என் அளவில் 2.3 கிராம். இட்லிக்கு இரண்டு கிண்ணம் ஊற்றிச் சாப்பிடுகிறவர், என் கடையை விட்டு வெளியே போகும்போதே அன்றைய அளவை ஏறக்குறைய முடித்துவிட்டார். அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு, ரசம், ஊறுகாய், அப்பளம், இராத்திரி மீ கோரேங்.

நம் ஊரில் தே தாரிக் கேட்கும்போது ‘கூராங் மானிஸ்’ என்று சொல்ல எல்லாரும் பழகிவிட்டோம். உப்பைக் குறைத்துப் போடச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. டம்ளரில் சீனியைத் தனித்தனியாகக் குறைக்கலாம். சாம்பார் ஒரே பானை. ஊருக்கெல்லாம் ஒரே அளவு. அந்த அளவை ஒருவன் நாக்கு தீர்மானிக்கிறது. அது என் நாக்காக இருந்தது.

தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை பல ஆண்டுகளாகத் தினமும் ஏழரை மணிக்கு எங்கள் கடைக்கு வருவார். இரண்டு இட்லி, இரண்டு முறை சாம்பார். கொஞ்ச மாதங்களாகக் காணவில்லை. மகன் வீட்டுக்குப் போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். இப்போது மனசு கேட்காமல் தேடிக்கொண்டு போனேன். வீட்டில்தான் இருந்தார். இரத்த அழுத்தம் ஏறி, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

“டீச்சர், எங்க சாம்பார்ல உப்பு கூடினது உங்களுக்குத் தெரியலையா?” என்று கேட்டேன்.

“தெரியாம என்ன? ஒங்க கிட்ட எப்படிச் சொல்றது? எத்தன வருசப் பழக்கம். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. அதான் வர்றத நிறுத்திட்டேன்” என்றார்.

என்னால்தான் அவருக்கு நோய் ஏறியது என்று யாரும் சொல்லவில்லை. “நானும் வீட்ல கருவாட்ட விடலையே” என்று அவரே சிரித்தார். இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ நம் நாட்டின் காலை உணவுப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சனாய், தே தாரிக் எல்லாம் அதில் வருகின்றன. அப்போது நானும் பெருமைப்பட்டேன். மற்ற ஊர்த் தமிழர்கள் காலைச் சாப்பாடு, டிபன் என்கிறார்கள். நாம் ‘பசியாறல்’ என்கிறோம். வழியில் பார்த்தால் “பசியாறிட்டீங்களா?” என்றுதான் கேட்கிறோம். எவ்வளவு நம்பிக்கையான சொல் என்று இப்போது தோன்றுகிறது. தூக்கம் கலையாத முகத்தோடு வந்து உட்காருகிறவர், முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் வாயில் வைக்கிறார். உள்ளே ஒருவன் சரியாகப் பார்த்திருப்பான் என்ற நம்பிக்கைதான்.

இந்தச் சமயத்தில் அப்பாவின் நினைவு வந்தது. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்கும் பழக்கம் அவருடையது. கரண்டியை வாயில் வைக்க விடமாட்டார். “ஊரு சாப்புடுற பானைடா” என்பார். அவருக்கு அறுபத்து நான்கோ ஐந்தோ இருக்கும்போது, ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டி, “எனக்கு இன்னைக்கு வாய் சரியில்ல. இனிமே நீ பாரு” என்றார். இன்னைக்கு என்றவர் இனிமே என்றும் சொன்னாரே என்று நான் யோசிக்கவில்லை. தொழிலை என் கையில் கொடுத்துவிட்டார் என்று நினைத்து, காலில் விழுந்து கும்பிட்டேன். அதன் பிறகு அவர் சாகும்வரை பானையருகில் வந்து ஒரு சொட்டுகூட ருசி பார்த்ததில்லை. கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகும் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அவருக்குத் தன் நாக்கு போனது தெரிந்திருக்கிறது. டாக்டரும் இல்லை, குச்சிப் பரீட்சையும் இல்லை. தானே கண்டுபிடித்து, யாருக்கும் கெடுதல் வருவதற்குள் விலகிக்கொண்டார். எனக்கு அதற்கு ஒரு கோயிலும் நான்கு டம்ளரும் தேவைப்பட்டன.

நானும் கரண்டியைக் கொடுத்துவிட்டேன். இப்போது எங்கள் கடையில் உப்பை நிறுத்துப் போடுகிறோம். தூள் உப்பும் கல் உப்பும் கரண்டி அளவில் ஒன்றாகத் தெரியும், எடையில் வேறு; அதனால் கரண்டிக் கணக்கே வேண்டாம் என்று வைத்தாயிற்று. கடைசி ருசி மாஸ்டருடையது. அவர் தலையசைத்தால்தான் பானை வெளியே வரும். அவருடைய பெர்மிட்டைப் புதுப்பிக்கப் பணம் கட்டிவிட்டேன். ஏஜெண்டிடம் வேறு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யார் முன்னால் திட்டினேனோ அவர்கள் எல்லாரையும் நிற்க வைத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். மாஸ்டர் பாதியிலேயே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். சம்பளத்தை எவ்வளவு கூட்டினேன் என்று இங்கே எழுதினால் மற்ற கடைக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

முகர்வைத் திரும்பக் கொண்டுவர டாக்டர் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் தைலம் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக, கவனத்தோடு முகர வேண்டும். குறைந்தது மூன்று மாதம். எல்லாருக்கும் பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம். கல்லாவுக்குப் பின்னால் நான்கு சின்ன பாட்டில்கள் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் ஏதோ பூசை என்று நினைக்கிறார்கள். கிராம்பு கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. கோப்பி இன்னும் வரவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கே சாப்பிட்டாலும் அந்தக் காலத்து ருசி இல்லை என்று உங்களுக்கு அடிக்கடி தோன்றினால், உணவைக் குறை சொல்லும் முன், பக்கத்தில் சாப்பிடுகிற பேரப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டில் யாராவது சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரை அதிகம் குடித்தால் கவனியுங்கள். மூக்கு குறைந்தவருக்குச் சமையல் எரிவாயு கசிவதும் தெரியாது, குழம்பு கெட்டுப் போனதும் தெரியாது. ருசியைவிட அது பெரிய விஷயம். டாக்டரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் ஒன்று. பெரியவர் மனம் நோகும் என்று பேசாமல் இருக்காதீர்கள். என் மனைவி ஒரு வாக்கியம் கேட்டதால் ஒருவர் வேலை தப்பியது.

மதுரையில் எனக்கு உப்புக் கிண்ணம் கொண்டு வந்து வைத்த தம்பி இதைப் படிக்கப் போவதில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் சாம்பார் சரியாகத்தான் இருந்திருக்கும். அடுத்த முறை அந்தக் கடைக்கே போவேன், இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுவேன். எப்படி இருந்தது என்று பக்கத்தில் இருக்கும் மனைவியிடம் கேட்டுக்கொள்வேன்.